இலவச இடத்துக்கு எத்தனை மணி நேரம் வாடகை? ஆர்.வி.யில் குடியிருந்து கேம்ப்கிரவுண்டில் வேலை பார்க்கப் போகிறவர்களுக்கு

முதல் நாள் காலை ஏழு மணி. முந்தின நாள் காலி செய்துவிட்டுப் போனவர்களின் சைட்டுகளுக்கு, அதாவது அவர்கள் தங்கியிருந்த இடங்களுக்குப் போய், நெருப்பு வளையங்களில் கிடக்கும் சாம்பலை அள்ளிவரச் சொல்லி ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார்கள். கொட்டகையில் தகர வாளி இருக்கிறது என்றும் சொன்னார்கள். தேடச் சோம்பல்பட்டு, கண்ணெதிரே கிடந்த பிளாஸ்டிக் வாளியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மேலே சாம்பல் ஆறித்தான் இருந்தது. அடியில் கங்கு இருந்திருக்கிறது. நாலாவது சைட்டைத் தாண்டுவதற்குள் வாளியின் அடி உருகி கோல்ஃப் கார்ட்டின் தரையோடு ஒட்டிக்கொண்டது. தண்ணீர் ஊற்றிக் கிளறிய பிறகுதான் சாம்பலை அள்ள வேண்டும் என்பது, இருபத்து மூன்று வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அமெரிக்காவில் இந்தப் பிழைப்புக்கு வொர்க்கேம்பிங் என்று பெயர். ஆர்.வி. என்கிற சக்கரம் வைத்த வீட்டில் வருடம் முழுக்கக் குடியிருப்பது, சுற்றுலாப் பயணிகள் கூடாரமோ ஆர்.வி.யோ போட்டுத் தங்குகிற ஒரு கேம்ப்கிரவுண்டில் நாலைந்து மாதம் வேலை பார்ப்பது, சீசன் முடிந்ததும் அடுத்த ஊருக்குப் போவது. பதிலுக்கு வண்டி நிறுத்த இடம், தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு கிடைக்கும். பல இடங்களில் சம்பளமும் உண்டு. 1987-ல் தொடங்கிய வொர்க்கேம்பர் நியூஸ் என்ற பத்திரிகை இந்தப் பெயரைப் பரப்பியது. நானும் மனைவியும் பிள்ளைகள் கல்லூரிக்குப் போன பிறகு வீட்டை விற்றுவிட்டு இதில் இறங்கினோம். ஆறு சீசன் முடிந்துவிட்டது. நண்பர்கள் அடிக்கடி கேட்கிற கேள்விகளுக்குத் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போனதால், வரிசையாக எழுதிவிடுகிறேன்.

முதலில் விசாவைப் பாருங்கள்

நம்மவர்கள் இதைத்தான் கடைசியில் யோசிக்கிறார்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் பிரச்சினை இல்லை. எச்-1பி விசா உங்களை எடுத்த நிறுவனத்தோடு கட்டிப்போட்ட விசா. வார இறுதியில் கேம்ப்கிரவுண்டில் வேலை பார்க்க அதில் இடமில்லை. எச்-4-ல் இருப்பவர்களுக்குத் தனி வேலை அனுமதி அட்டை வேண்டும். "சம்பளமே வாங்கவில்லையே, இடம் மட்டும்தானே தருகிறார்கள்" என்று சிலர் வாதம் செய்வார்கள். உழைப்புக்குப் பதிலாக வாடகையில்லாத இடம் வாங்கினால் அதுவும் கூலிதான். ஊரிலிருந்து சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவை "சும்மா கூட மாட ஒத்தாசைக்கு" கேம்ப் கடையில் உட்கார வைப்பதும் ஆகாது. வேலை பார்க்க உங்களுக்கு அனுமதி உண்டா என்று காட்டும் ஐ-9 படிவத்தை வேலை தருகிறவர் நிரப்பச் சொல்வார். அதை நிரப்ப முடியாதவர்கள் ஆர்.வி.யில் ஊர் சுற்றுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

பேப்பரை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

விளம்பரத்தில் "இலவச சைட்" என்றுதான் போட்டிருக்கும். இலவசம் என்று ஒன்றும் கிடையாது. வாடகையைப் பணமாகக் கொடுக்காமல் நேரமாகக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். அதனால் எந்த வேலையைப் பார்த்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி: இந்த இடத்துக்கு மாதத்துக்கு எத்தனை மணி நேரம் வாடகை?

ஓர் உதாரணம். அந்த கேம்ப்கிரவுண்டில் ஒரு சைட்டைக் காசு கொடுத்து மாதக்கணக்கில் எடுத்தால் 650 டாலர் என்று வைத்துக்கொள்வோம். அவர்கள் உங்கள் இருவரிடமும் வாரத்துக்கு ஆளுக்கு 20 மணி நேரம் கேட்கிறார்கள். மாதத்துக்கு 173 மணி நேரம் வருகிறது. 650-ஐ 173-ஆல் வகுத்தால் மணிக்கு 3 டாலர் 75 சென்ட். அதே இடத்துக்கு ஆளுக்கு 12 மணி நேரம் போதும் என்றால் மாதம் 104 மணி நேரம், மணிக்கு 6 டாலர் 25 சென்ட். மூன்றாவதாக ஒருவர் வந்து, "வேலை பார்க்கிற எல்லா மணி நேரத்துக்கும் 14 டாலர் தருகிறோம், சைட்டுக்கு மாதம் 300 டாலர் பிடித்துக்கொள்வோம்" என்கிறார். 173 மணி நேரத்துக்கு 2,422 டாலர்; 300 போனால் 2,122 கையில், வரி தனி. "இலவசம்" என்ற சொல்லே இல்லாத இந்த மூன்றாவது விளம்பரத்தைத்தான் புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். நாங்களும் முதல் வருடம் தாண்டிப் போனோம்.

மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009-லிருந்து மணிக்கு 7.25 டாலர். பல மாநிலங்களில் அதைவிட அதிகம். ஆனால் வருடத்தில் ஏழு மாதத்துக்கு மேல் திறந்திருக்காத பொழுதுபோக்கு இடங்களுக்கு மத்திய சட்டத்தில் விலக்கு உண்டு. கோடைக்கு மட்டும் திறக்கிற கேம்ப்கிரவுண்டுகள் பல இதற்குள் வந்துவிடும். அந்த மாநிலத்தின் சட்டம் என்ன சொல்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும். லாபத்துக்கு நடக்கிற தனியார் இடத்தில் "வாலன்டியர்" என்று பெயர் வைத்துக் கூலியில்லாமல் வேலை வாங்கச் சட்டத்தில் இடம் கிடையாது. அரசுப் பூங்காவில் வாலன்டியராக இருப்பது வேறு கதை, அதற்குப் பிறகு வருகிறேன்.

வண்டி

இதற்கென்றே ஒரு வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் ஒரு விஷயத்தை மனதில் வையுங்கள்: வருடத்தில் பத்து மாதம் அது நின்றுகொண்டுதான் இருக்கும். எஞ்சினோடு சேர்ந்த பெரிய மோட்டார்ஹோம் வாங்கினால், மளிகைக் கடைக்குப் போகப் பின்னால் ஒரு காரையும் இழுத்துக்கொண்டு திரிய வேண்டும். நாங்கள் எடுத்தது பிக்அப் டிரக்கும், அதன் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற 28 அடி டிராவல் டிரெய்லரும். டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிரக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய்வரலாம். நீளம் 30 அடிக்குள் இருந்தால் வன இலாகாவின் பழைய கேம்ப்கிரவுண்டுகளிலும் நுழையும். டிரக்கின் முதுகிலேயே ஏறி உட்காரும் ஃபிஃப்த் வீல் என்ற டிரெய்லர் 42 அடியில் வரும், அரண்மனை மாதிரி இருக்கும். ஆனால் வளைவான காட்டுப் பாதையில் அதைத் திருப்ப முடியாமல் நடுவழியில் நின்று கணவனும் மனைவியும் சண்டை போடுவதை வாராவாரம் பார்த்திருக்கிறேன்.

டிரக் எவ்வளவு எடையை இழுக்கும் என்று விற்பனையாளர் பெருமையாகச் சொல்வார். அதைவிட, டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். டிரக்கின் முதுகில் எவ்வளவு ஏற்றலாம் என்பது அதில் இருக்கும். டிராவல் டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தைக் கொக்கியில் இறக்கும். ஃபிஃப்த் வீல் 20 முதல் 25 சதவீதம். 14,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் என்றால் 2,800 பவுண்டுக்குக் குறையாமல் டிரக்கின் மேல் உட்காரும். அரை டன் என்று வகைப்படுத்தும் சாதாரண பிக்அப் அதைத் தாங்காது.

பழைய வண்டி வாங்கினால் டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் எண்ணைத் தேடுங்கள். கடைசி நாலு இலக்கம் பிறந்த தேதி: 2319 என்றால் 2019-ம் வருடம் 23-வது வாரம். பட்டன் தேயாமல் புதுசு போலத் தெரிந்தாலும், ஆறேழு வயதான டயரில் நான் நெடுஞ்சாலைக்குப் போக மாட்டேன். பத்து வயதைத் தாண்டிய ஆர்.வி.களை உள்ளே விடாத தனியார் ஆர்.வி. பார்க்குகளும் உண்டு, விண்ணப்பிக்கும்போதே படம் கேட்பார்கள். புது வண்டி வாங்கினால் வாரன்டி தாளைப் படியுங்கள். முழுநேரம் குடியிருந்தால் வாரன்டி செல்லாது என்று சில கம்பெனிகள் எழுதி வைத்திருக்கின்றன. இன்சூரன்ஸும் அப்படித்தான்: விடுமுறைக்கு ஓட்டுகிறவருக்கான பாலிசி வேறு, முழுநேரம் குடியிருப்பவருக்கான பாலிசி வேறு. மறைத்து மலிவானதை எடுத்தால், விபத்தின்போது அகப்பட்டுக்கொள்வீர்கள்.

முகவரி, மருத்துவம்

வீட்டை விற்றபின் லைசென்ஸுக்கும் வங்கிக்கும் வரிக்கும் ஒரு முகவரி வேண்டும். முழுநேர ஆர்.வி.காரர்கள் பெரும்பாலும் டெக்சஸ், ஃபுளோரிடா, தெற்கு டகோட்டா மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். மூன்றிலும் மாநில வருமான வரி இல்லை. கடிதங்களை வாங்கி நாம் இருக்கும் ஊருக்கு அனுப்பிவைக்கிற சேவைகளும் அங்கே நன்றாக ஊன்றியிருக்கின்றன. டெக்சஸில் லிவிங்ஸ்டன் என்ற ஊரில் இருக்கும் எஸ்கேப்பீஸ் கிளப் இதில் பழம் தின்று கொட்டை போட்டது. சின்ன ஊர்களில் நான் தபால் நிலையத்துக்கே ஜெனரல் டெலிவரி என்று போட்டு வரவழைத்துக்கொள்கிறேன்.

மருத்துவ இன்சூரன்ஸ்தான் கஷ்டம். அரசின் இன்சூரன்ஸ் சந்தையில் (மார்க்கெட்ப்ளேஸ்) வாங்கும் பாலிசிகள் பெரும்பாலும் நீங்கள் முகவரி கொடுத்த மாநிலத்து டாக்டர்களோடு நின்றுவிடும். வெளியூரில் அவசர சிகிச்சை மட்டும். 65 வயதாகி அசல் மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) வைத்திருப்பவர்கள், அதை ஏற்கிற எந்த மாநிலத்து டாக்டரிடமும் போகலாம். அதைத் தனியார் கம்பெனி வழியாகத் தரும் மெடிகேர் அட்வான்டேஜ் எடுத்தால் மறுபடியும் ஊர்க்கட்டுப்பாடு. இந்த ஒரு காரணத்துக்காகவே 65 வரை காத்திருந்து கிளம்புகிறவர்கள் உண்டு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

வேலையை எங்கே தேடுவது

தனியார் பார்க்குகளில் பெரிய பெயர் கே.ஓ.ஏ. என்ற கேம்ப்கிரவுண்ட் சங்கிலி; 1962-ல் மொன்டானாவின் பில்லிங்ஸில் தொடங்கியது. ஒவ்வொரு கிளையும் பெரும்பாலும் தனித்தனி முதலாளியுடையது, அதனால் ஒரு கிளையின் நல்ல பெயரை வைத்து இன்னொன்றை எடை போட முடியாது. தேசியப் பூங்காக்களில் தங்கும் விடுதிகளையும் சில கேம்ப்கிரவுண்டுகளையும் ஒப்பந்த நிறுவனங்கள் நடத்துகின்றன, யெல்லோஸ்டோனில் சான்டெரா. இவர்கள் சம்பளம் தருவார்கள், சைட்டுக்குக் கொஞ்சம் பிடிப்பார்கள். இப்படிப்பட்ட வேலைகளை கூல்வொர்க்ஸ் தளத்தில் மொத்தமாகப் பார்க்கலாம். வன இலாகாவின் கேம்ப்கிரவுண்டுகள் பலவற்றையும் ஒப்பந்தக்காரர்களே நடத்துகிறார்கள். அங்கே கேம்ப் ஹோஸ்ட் (அங்கேயே தங்கி இடத்தைக் கவனிப்பவர்) என்ற பலகையோடு நுழைவாயில் அருகே நிற்கும் வண்டி சம்பளக்காரருடையதாக இருக்கலாம், வாலன்டியருடையதாகவும் இருக்கலாம்.

மத்திய அரசின் வாலன்டியர் வேலைகள் வாலன்டியர் டாட் கவ் தளத்தில் வரும். தேசியப் பூங்கா, வன இலாகா, பறவை சரணாலயம், ராணுவப் பொறியாளர் படையின் ஏரிகள் எல்லாம் அதில்தான். சம்பளம் இல்லை, பெரும்பாலும் முழு ஹூக்கப்போடு (தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் இணைப்பு மூன்றும்) இடம் உண்டு. வேலை நேரத்தில் அடிபட்டால் அரசு ஊழியருக்கு உள்ள இழப்பீட்டுப் பாதுகாப்பு வாலன்டியருக்கும் உண்டு. 250 மணி நேரம் சேர்ந்ததும் நாடு முழுக்க மத்திய அரசுப் பூங்காக்களில் நுழைய ஒரு வருட பாஸ் தருவார்கள். பணம் வேண்டாம், நல்ல இடம் போதும் என்பவர்களுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். நியூ மெக்சிகோவில் போஸ்கே டெல் அப்பாச்சி சரணாலயத்தில் குளிர்காலத்தில் சாண்ட்ஹில் கொக்குகள் ஆயிரக்கணக்கில் இறங்கும். விடியற்காலை அவை ஒன்றாக எழும்பும் சத்தத்தை, என்ன வாடகை கொடுத்தாலும் நகரத்தில் கேட்க முடியாது. சரி, கணக்குக்குத் திரும்புவோம்.

பொறியாளர் படையின் ஏரிகளில் வாசலில் உட்கார்ந்து கட்டணம் வசூலிக்கும் வேலைக்கு ஒப்பந்தப்புள்ளி கொடுத்து எடுக்கும் முறையும் இருக்கிறது. சீசன் முழுக்க இவ்வளவு ரூபாய்க்குச் செய்கிறேன் என்று நீங்களே தொகை எழுத வேண்டும். ரூபாய் என்று எழுதிவிட்டேன், டாலர். பழக்கம் போகவில்லை.

கோடை முடிந்து குளிருக்கு முன்னால் ஒரு வரவு வேண்டுமென்றால், மினசோட்டா, வட டகோட்டா எல்லையில் ரெட் ரிவர் பள்ளத்தாக்கில் சுகர் பீட், அதாவது சர்க்கரை எடுக்கிற பீட் கிழங்கு அறுவடை. அக்டோபர் முதல் தேதி வாக்கில் தொடங்கும், சில வாரங்கள் ஓடும், 12 மணி நேர ஷிஃப்ட், இரவும் பகலும். வெயில் ஏறினால் குவித்த கிழங்கு அழுகிவிடும் என்று வேலையை நிறுத்துவார்கள். மழை பெய்தாலும் நிறுத்துவார்கள். ஒருமுறை போனோம், நல்ல பணம், இடுப்பு போய்விட்டது. ஆர்.வி.காரர்களை சீசன் வேலைக்கு எடுத்த அமேசான் கிடங்குகளின் கேம்பர்ஃபோர்ஸ் திட்டம் இப்போது இல்லை. பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

கோடை வேலைக்கு நவம்பரிலிருந்து பிப்ரவரிக்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். அரிசோனா, ஃபுளோரிடா, தெற்கு டெக்சஸ் போன்ற இடங்களின் குளிர்கால வேலைக்கு அதற்கு முந்தைய கோடையிலேயே. தாமதமாகிவிட்டதா? ஜூலையில் மறுபடி பாருங்கள். பாதி சீசனில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. அந்த நேரத்தில் முதலாளிகள் இறங்கி வருவார்கள்.

எழுதி வாங்குங்கள்

பேட்டி பெரும்பாலும் போனில், அரை மணி நேரம், சிரிப்பும் கும்மாளமுமாக நடக்கும். அதில் சொன்னது எதுவும் ஆகஸ்டு மாதத்தில் நினைவிருக்காது. முதல் வருடம் "முழு ஹூக்கப்" என்று போனில் சொன்ன ஓர் இடத்துக்கு 1,400 மைல் ஓட்டிக்கொண்டு போனோம். போய்ப் பார்த்தால் ஊழியர் சைட்டில் கழிவுநீர் இணைப்பே இல்லை. வாராவாரம் டிரெய்லரைக் கட்டி, இழுத்து, கழிவுநீரைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷனில் காலி செய்து, மறுபடி கொண்டுவந்து மட்டம் பார்த்து நிறுத்த வேண்டியிருந்தது. அந்த வேலைக்கு யார் கூலி கொடுப்பது? நாங்கள் போட்ட மணிக்கணக்கில் அது வரவே இல்லை. அதிலிருந்து எல்லாவற்றையும் மின்னஞ்சலில் எழுதி, "நான் புரிந்துகொண்டது இதுதான், சரியா?" என்று அனுப்பி, "சரி" என்ற பதில் வந்த பிறகே வண்டியைக் கிளப்புகிறேன்.

அந்த மின்னஞ்சலில் என்னென்ன இருக்கும் என்றால்: ஆளுக்கு வாரம் எத்தனை மணி நேரம், அதில் எத்தனை சைட்டுக்கு, எத்தனை சம்பளத்துக்கு. ஒருவருக்கு உடம்பு சரியில்லாவிட்டால் மற்றவர் ஈடுகட்ட வேண்டுமா. சைட்டில் 30 ஆம்ப்பா 50 ஆம்ப்பா, கழிவுநீர் உண்டா, மரத்தடியா வெயிலா. மின்சாரத்துக்கு மீட்டர் வைத்துக் காசு பிடிப்பார்களா (அரிசோனா வெயிலில் இது சின்ன விஷயமில்லை). வேலை முடிந்தபின் கதவைத் தட்டும் விருந்தினருக்கு யார் பதில் சொல்வது. இருவருக்கும் ஒரே நாளில் விடுமுறை கிடைக்குமா. இந்தக் கடைசியை விட்டுவிடாதீர்கள். எனக்குத் திங்கள், அவளுக்கு வியாழன் என்று ஒரு சீசன் முழுக்க ஓட்டினோம். நாங்கள் இருந்தது ஒரு பூங்காவிலிருந்து இருபது மைல் தூரத்தில், சேர்ந்து போய்ப் பார்த்தது இரண்டு தடவை.

சீசன் போனஸ் என்று ஒன்று சொல்வார்கள். கடைசி நாள் வரை இருந்தால்தான் தருவார்கள். செப்டம்பரில் கூட்டம் குறைந்ததும் வேலை நேரத்தை வெட்டிவிட்டு, போனஸுக்காக நம்மைப் பிடித்து வைத்திருக்கும் இடங்களும் இருக்கின்றன. நான் போனஸைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. வந்தால் டயர் வாங்கலாம்.

போன வருடம் அங்கே வேலை பார்த்த ஒருவரோடு பேச முடியுமா என்று கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால் அதுவே பதில்.

போய்ச் சேர்ந்ததும்

பிளக்கைச் செருகுவதற்கு முன்னால் மின்கம்பத்தைச் சோதிக்க வேண்டும். மின்னழுத்தம் கூடினாலும் குறைந்தாலும் தானே துண்டிக்கும் பாதுகாப்புக் கருவி ஒன்றை நல்லதாக வாங்கிவிடுங்கள். பழைய பார்க் ஒன்றில் இறங்கிப்போன மின்னழுத்தம் எங்கள் ஏ.சி.யைத் தின்றுவிட்ட பிறகுதான் நான் வாங்கினேன். 30 ஆம்ப் இணைப்பு என்றால் 3,600 வாட். ஏ.சி. ஓடிக்கொண்டிருக்கும்போது இண்டக்‌ஷன் அடுப்பில் குக்கரை வைத்து, கூடவே வெந்நீர் ஹீட்டரையும் போட்டால் டப்பென்று எல்லாம் அணையும். 50 ஆம்ப்பில் 12,000 வாட் கிடைக்கும், இந்தக் கணக்கே வேண்டாம். தண்ணீர்க் குழாயில் அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டரை மாட்டாமல் திறக்காதீர்கள், உள்ளே இருப்பது பிளாஸ்டிக் பைப்.

கழிவுநீர் இணைப்பு இருக்கிறதே என்று கழிப்பறை டேங்கின் வால்வைத் திறந்தே வைக்கிறவர்கள் உண்டு. தண்ணீர் ஓடிவிடும், மற்றது ஓடாது. உள்ளே கோபுரம் கட்டிவிடும். மூன்றில் இரண்டு பங்கு நிரம்பும் வரை மூடி வைத்து, ஒரேயடியாகத் திறக்க வேண்டும். அது ஓடி முடிந்ததும் குளியல், சமையலறைத் தண்ணீர் டேங்கைத் திறந்தால் குழாயையும் கழுவிக்கொண்டு போகும். சாம்பார் வைத்த சட்டியின் எண்ணெயைக் காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். சமையலறை டேங்கில் எண்ணெய் உறைந்தால் வரும் நாற்றம் நம்ம ஊர்ச் சாக்கடையைத் தோற்கடிக்கும்.

சமையல் என்றதும் இன்னொன்று. புரொப்பேன் அடுப்பு எரியும்போது நீராவியும் வரும். மூடின டிரெய்லருக்குள் சோறு வடித்தால் சன்னலெல்லாம் வியர்க்கும், கட்டிலுக்கடியில் பூஞ்சை பிடிக்கும். கூரை விசிறியைப் போட்டு ஒரு சன்னலை லேசாகத் திறந்து வைத்துத்தான் தாளிக்க வேண்டும். காட்டுப் பக்கம் எலி வரும். அரிசி, பருப்பை மூட்டையோடு வைக்காதீர்கள்; என் மனைவி ஊரிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் தூக்குகள்தான் இத்தனை வருடமாக எங்கள் கஜானா. கரடி நடமாடும் இடங்களில் வெளியே ஒரு தட்டைக்கூட வைக்கக் கூடாது. யெல்லோஸ்டோனின் ஃபிஷிங் பிரிட்ஜில் கரடிக்குப் பயந்து கூடாரத்தையே அனுமதிப்பதில்லை, கெட்டிச் சுவர் வண்டிகள் மட்டும்தான்.

வேலை என்னவோ கடினமில்லை. கழிப்பறை கழுவுவது, புல் வெட்டுவது, கடையில் ஐஸும் விறகும் விற்பது, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குமேல் வரிசைகட்டி வருகிறவர்களை கோல்ஃப் கார்ட்டில் முன்னால் போய் அவரவர் சைட்டில் சேர்ப்பது. விறகைப் பற்றி ஒரு வார்த்தை. வெளியூரிலிருந்து விறகு கொண்டுவரக் கூடாது என்று சொல்லச் சொல்வார்கள். விருந்தினர் அதை நீங்கள் விறகு விற்கச் செய்யும் தந்திரம் என்று நினைப்பார். எமரால்ட் ஆஷ் போரர் என்ற பச்சை வண்டு 2002-ல் டெட்ராய்ட் பக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. கோடிக்கணக்கான ஆஷ் மரங்களைக் கொன்றுவிட்டது. விறகுக் கட்டுகளுக்குள் ஒளிந்து மாநிலம் விட்டு மாநிலம் போகிறது. இதைச் சொன்னால் பாதிப் பேர் கேட்டுக்கொள்வார்கள்.

ஆள்தான் கடினம். வேலையும் வீடும் ஒரே இடத்தில் இருப்பதால், லுங்கி கட்டிக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருக்கும்போது வந்து "வைஃபை வரவில்லை" என்பார்கள். வாசலில் "வேலை நேரம் முடிந்தது, அவசரத்துக்கு இந்த எண்" என்று ஒரு பலகை மாட்டுங்கள். இரவு பத்து மணிக்குமேல் சத்தம் போடுகிறவர்களிடம் தனியாகப் போய்ச் சண்டைக்கு நிற்காதீர்கள். ஒருமுறை சொல்லிப் பாருங்கள், கேட்காவிட்டால் மேலாளரையோ ஷெரிஃபையோ கூப்பிடுங்கள். குடித்தவனைத் திருத்துவது நீங்கள் வாடகையாகக் கொடுக்கும் மணி நேரத்தில் சேர்த்தியில்லை. எந்த வேலையானாலும் நேரத்தை ஒரு நோட்டில் அன்றன்றைக்கு எழுதுங்கள். "இதோ ஐந்து நிமிஷம்" என்று கூப்பிட்டதையெல்லாம் முதல் சீசன் முடிவில் கூட்டிப் பார்த்தால், எங்களுக்கு இரண்டு வாரம் கூடுதலாகப் போயிருந்தது.

வரி

சைட்டின் மதிப்பு வருமானமா என்று எல்லோரும் கேட்பார்கள். இடம் முதலாளியின் வளாகத்திலேயே இருந்து, அவருடைய வசதிக்காக, அங்கே தங்கினால்தான் வேலை என்ற நிபந்தனையும் இருந்தால் மத்திய வரியில் அது வருமானமாகாது. மூன்றில் ஒன்று குறைந்தாலும் அதன் மதிப்பு உங்கள் வருமானத்தில் ஏறலாம். அதனால் "சைட்டில் தங்குவது வேலையின் நிபந்தனை" என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் போடச் சொல்லுங்கள். சம்பளத்துக்கு ஊழியருக்கான டபிள்யூ-2 படிவம் தருவார்களா, ஒப்பந்தக்காரருக்கான 1099 தருவார்களா என்று முதலிலேயே கேளுங்கள். 1099 என்றால் சுயதொழில் வரி 15.3 சதவீதம் உங்கள் தலையில். டெக்சஸ் முகவரி வைத்திருந்தாலும் மொன்டானாவில் சம்பாதித்ததற்கு மொன்டானாவுக்கு வரி கட்ட வேண்டும். நிரந்தர வீடில்லாமல் ஊர் ஊராகப் போகிறவருக்கு வரிச் சட்டப்படி "வீடு" என்று ஒன்று கிடையாது. அதனால் ஓட்டிப்போன டீசல் செலவைக் கழித்துக்கொள்ள முடியாது. அந்த 1,400 மைலும் நம் கைக்காசுதான். தூரத்து வேலையைக் கணக்குப் போடும்போது அதையும் மணிக்கணக்கில் சேருங்கள்.

கிளம்பும்போது

செப்டம்பர் கடைசியில் வடக்கே இரவில் தண்ணீர் உறையத் தொடங்கும். வெளிக்குழாயை இரவில் கழற்றிவிட்டு டேங்கில் பிடித்து வைத்த தண்ணீரைப் பயன்படுத்துங்கள். உறைபனியில் வண்டியைப் போட்டுவிட்டு ஊருக்குப் போவதாக இருந்தால் பைப்புகளைக் காலி செய்து, ஆர்.வி.க்கென்று விற்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸை (உறைவதைத் தடுக்கும் திரவம்) ஓடவிட வேண்டும். கார் ரேடியேட்டருக்கான ஆன்டிஃப்ரீஸ் விஷம், அதை இதில் ஊற்றாதீர்கள்.

கடைசி சம்பளமும் டபிள்யூ-2-வும் எந்த முகவரிக்கு வரும் என்று அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். அப்புறம் வண்டியை ஸ்டார்ட் செய்வதற்கு முன் இருவரும் எதிரெதிர்த் திசையில் டிரெய்லரை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மின்கம்பி, தண்ணீர்க் குழாய், படிக்கட்டு, கூரை மூடி, சக்கரக் கட்டை. சக்கரக் கட்டையை நான் இதுவரை மூன்று ஊரில் விட்டுவிட்டு வந்திருக்கிறேன், ஒரு ஜோடி இருபது டாலர்.